அமெரிக்க அடிமைகளும் விற்பனை அச்சமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாகாணங்களில் அடிமை முறை நிலவிய காலத்தைப் பற்றி எண்ணும்போது நம் மனக்கண்முன் முதலில் வந்து நிற்பது சவுக்கு. அது பொய்யான சித்திரமன்று. பருத்தி வயலிலும் கரும்புக் கொல்லையிலும் சவுக்கின் ஆட்சி நடந்தது உண்மை. ஆயினும், அம்முறையின் கீழ்ப் பிறந்து வளர்ந்து, எப்படியோ தப்பி வந்து, தம் சரித்திரத்தைத் தாமே எழுதிவைத்த ஆண்களும் பெண்களும் எதற்கு மிகுதியாக அஞ்சினார்கள் என்று அவர்களுடைய நூல்களிலேயே தேடிப் பார்ப்போமானால், சவுக்கைக் காட்டிலும் அவர்களுடைய உறக்கத்தைக் கெடுத்தது விற்பனையே என்பது விளங்கும். அடியின் வலிக்கு ஓர் எல்லை உண்டு, புண் ஆறிவிடும். இன்றிரவு தன் அருகே படுத்துறங்கும் குழந்தை நாளையிரவு எந்த மாகாணத்தில், எவனுடைய கொட்டடியில் கிடக்கும் என்று அறியாத தாயின் பயத்துக்கு எல்லையே இல்லை. ஒருமுறைகூட விற்கப்படாமல், பிறந்த பண்ணையிலேயே மூப்படைந்து இறந்துபோன அடிமையும் வாழ்நாள் முழுவதும் விற்பனையின் துன்பத்தைச் சுமந்தே வாழ்ந்தான் என்பதுதான் இங்கே நாம் வற்புறுத்த விரும்புவது. விற்றவர்கள், வாங்கியவர்கள், கைமாறிய தொகை ஆகியவற்றுக்குக் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்தப் பயத்துக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை.

இந்த அச்சம் சட்டத்திலிருந்து பிறந்தது. அடிமை என்பவன் பெரும்பாலான தென் மாகாணங்களின் சட்டத்தின்படி ஜங்கம சொத்து. குதிரையைப் போலவும் கலப்பையைப் போலவும் விற்கலாம், அடகு வைக்கலாம், தானம் செய்யலாம், கடனுக்காக ஜப்தி செய்யலாம். அவனுடைய விவாகத்தைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை. திருமணச் சடங்கை நடத்திவைத்த பாதிரிமார்களுள் சிலர், மரணம் பிரிக்கும்வரை என்று சொல்லவேண்டிய இடத்தில், மரணமோ தூரமோ பிரிக்கும்வரை என்று மாற்றிச் சொல்லிவந்தார்கள் என்றால், மணமேடையிலேயே அச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதானே கொள்ளவேண்டும்? குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றியது. ஆகவே அடிமைப் பெண் ஈன்ற மகவு, தந்தை யாராயிருப்பினும், எஜமானனுடைய சொத்தைப் பெருக்கியது.

சட்டம் கொடுத்த இந்த அதிகாரத்துக்குப் பொருளாதாரம் வேகத்தைக் கொடுத்தது. 1793இல் எலி விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் யந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகு, அலபாமா, மிஸிஸிப்பி, லூயிஸியானா முதலிய புது நிலங்களில் பருத்தி விளைச்சல் பெருகிற்று, ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதோ 1808 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. மறுபுறத்தில் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலைப் பிரதேசங்களில் மண் சாரமிழந்து, அடிமைகள் மிகுந்திருந்தார்கள். ஆகவே நாட்டுக்குள்ளேயே ஒரு பெரும் வியாபாரம் தோன்றியது. 1790க்கும் 1860க்கும் இடையில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இந்தப் பழைய பிரதேசங்களிலிருந்து தெற்கிற்கும் மேற்கிற்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். இவர்களுள் பெரும்பகுதியினர் வியாபாரிகளால் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். ஆண்களை இருவர் இருவராகக் கைவிலங்கிட்டு ஒரே சங்கிலியில் கோத்து, பெண்களையும் குழந்தைகளையும் பின்னே நடக்கவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் செல்வது ஒரு வகை; பால்டிமோர், அலெக்ஸாண்டிரியா ஆகிய துறைமுகங்களில் கப்பலேற்றி நியூ ஆர்லியன்ஸில் இறக்குவது மற்றொரு வகை. அலெக்ஸாண்டிரியாவில் பிராங்க்ளின், ஆர்ம்பீல்டு என்னும் கூட்டு வியாபாரிகள் இதற்கென்றே மதில் சூழ்ந்த கொட்டடிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். மேரிலாந்தில் வாழ்ந்த ஓர் அடிமைச் சிறுவனுக்கு ஜார்ஜியா, லூயிஸியானா என்னும் பெயர்கள் பூகோளப் பெயர்களல்ல. போனவர் திரும்பி வராத ஊர்களின் பெயர்கள்.

நல்ல எஜமானன் வாய்த்தால் இந்தப் பயம் இல்லையே என்று கேட்கத் தோன்றும். இருந்தது, எஜமானனுடைய நற்குணம் அவனுடைய ஆயுளுக்கும் அவனுடைய கடன்காரர்களின் பொறுமைக்கும் உட்பட்டதாகவே இருந்தது. அவன் சூதாடித் தோற்றால், பருத்தியின் விலை சரிந்தால், மகளுக்குச் சீதனம் கொடுக்க வேண்டுமானால், முதலில் பணமாக மாறுவது அடிமை. ஆகவே எஜமானன் இருமினால் அடிமைக் குடிசைகளில் கவலை பரவியது. எஜமானனுடைய மரணத்தைக் கேட்டு அடிமைகள் அழுதார்கள் என்று அந்நாளைய தென்னாட்டு எழுத்தாளர்கள் பெருமையோடு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்ணீரில் எவ்வளவு பாகம் இறந்தவனுக்காக, எவ்வளவு பாகம் தங்களுக்காக என்பதை அவர்கள் ஆராயவில்லை.

மேரிலாந்தில் அடிமையாயிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் தமது சுயசரிதையில் இதை விவரிக்கிறார். 1826இல் அவருடைய எஜமானன் ஆன்டனி இறந்துபோக, வாரிசுகளுக்குப் பங்கிடுவதற்காகச் சொத்தனைத்தும் மதிப்பிடப்பட்டது. கிழவர், குமரர், மணமானவர், மணமாகாதவர் எல்லாரையும் குதிரை, ஆடு, பன்றி ஆகியவற்றோடு சேர்த்து வரிசையாக நிறுத்தி மதிப்புப் போட்டார்கள். மதிப்பீடு முடிந்தது, பங்கீடு தொடங்கியது. வாரிசுகளுள் ஒருவனாகிய ஆண்டுரு பெருங்குடிகாரன். சில நாட்களுக்கு முன்புதான் டக்ளஸின் தம்பியைக் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளி, தலையைக் காலணியால் மிதித்து, மூக்கிலும் காதிலும் இரத்தம் வரச் செய்திருந்தான். அவன் பங்கில் விழுந்துவிடுவோமோ என்று அத்தனை பேரும் நடுங்கி நின்ற அந்த நேரத்தின் கவலையைச் சொல்லத் தம்மிடம் சொற்கள் இல்லை என்கிறார் டக்ளஸ். அப்போது அவருக்கு வயது ஒன்பதோ பத்தோ. தமது பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. எஜமானர்கள் அதைச் சொல்லிவைப்பதில்லை.

ஜனவரி முதல் தேதி உலகிற்கெல்லாம் புத்தாண்டு. அமெரிக்கத் தெற்கில் அது கடன் தீர்க்கும் நாள், அடிமைகளை ஆண்டுக் குத்தகைக்கு விடும் நாள், ஏலம் போடும் நாள். கிறிஸ்துமஸுக்கு வேலையிலிருந்து சில நாள் ஓய்வு கிடைக்கும். ஆட்டமும் பாட்டமும் உண்டு. ஆனால் அந்த ஓய்வின் மறு எல்லையில் இந்த நாள் நின்றது. ஹாரியட் ஜேகப்ஸ் என்னும் பெண்மணி, தமது ஊரில் அந்நாளில் ஒரு தாய் தன் ஏழு குழந்தைகளையும் ஏல மேடைக்கு அழைத்துச் சென்றதைக் கண்டார். சிலர் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், எழுவரும் போய்விட்டார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அவள் வியாபாரியை மன்றாடிக் கேட்டாள், அவன் சொல்லவில்லை. சொல்வதற்கு அவனுக்கே தெரியாது. எங்கே நல்ல விலை கிடைக்குமோ அங்கே ஒவ்வொருவராக விற்பதே அவன் தொழில்.

ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் இந்தத் துயரம் பெருந்திரளாக நிகழ்ந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஜார்ஜியாவில் நெல்லும் பருத்தியும் விளைந்த பண்ணைகளுக்கு உரியவனான பியர்ஸ் பட்லர் என்பவன் கடனில் மூழ்கியபோது, 1859 மார்ச் 2, 3 தேதிகளில், சவன்னா நகருக்கு அருகிலிருந்த குதிரைப் பந்தய மைதானத்தில் 436 பேரை ஏலத்துக்கு அறிவித்தான். ஏலத்துக்குச் சில நாள் முன்பே அவர்களைக் கொண்டுவந்து, பந்தயக் குதிரைகளைக் கட்டும் கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். வாங்க வந்தவர்கள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். நடக்கச் சொல்லியும் குனியச் சொல்லியும் உறுப்புக்களைச் சோதித்தார்கள். இரண்டு நாளும் விடாமல் மழை பெய்தது. ஜெப்ரி என்னும் இளைஞன், தன்னை வாங்கியவனிடம், தான் மணக்க விரும்பிய டார்க்கஸ் என்னும் பெண்ணையும் வாங்கிக்கொள்ளுமாறு மன்றாடினான். அவள் உழைப்பாளி, பிள்ளைகள் பெறுவாள், நல்ல விலைக்குத் தக்கவள் என்றெல்லாம், தன் காதலை வியாபாரியின் பாஷையில் சொல்லவேண்டிய நிலை அவனுக்கு நேர்ந்தது. அவளைத் தனியே விற்கவில்லை, நால்வர் அடங்கிய குடும்பமாகவே விற்பார்கள் என்று தெரிந்தபோது வாங்கியவன் பின்வாங்கினான். அவர்கள் பிரிந்தார்கள். ஏலம் முடிந்ததும் பட்லர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் புது நாணயமாகக் கொடுத்து விடைபெற்றான். அவனுக்குக் கிடைத்த தொகை 3,03,850 டாலர். கறுப்பு மக்கள் அந்த இரு நாட்களுக்கு அழுகைக் காலம் என்று பெயரிட்டார்கள்.

விற்பனைக்கு நிறுத்தப்பட்டவன் தன் அச்சத்தைக் காட்டவும் கூடாது என்பது சந்தையின் விதி. சோகமுகத்துக்கு விலை குறையும். வில்லியம் வெல்ஸ் பிரவுன், அடிமையாயிருந்த நாளில் ஒரு வியாபாரியிடம் குத்தகைக்கு விடப்பட்டு, மிஸிஸிப்பி நதிவழியே நியூ ஆர்லியன்ஸுக்கு அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டபோது உடன் சென்றவர். வயதானவர்களின் நரைத்த மயிரைப் பிடுங்குவதும், மிகுதியாக நரைத்திருந்தால் மை பூசிக் கறுப்பாக்குவதும் அவருக்கு இடப்பட்ட வேலை. ஏலத்துக்கு முன் முற்றத்தில் அவர்களைப் பாடவும் ஆடவும் குதிக்கவும் வைப்பார்கள். கன்னத்தில் கண்ணீர் வழிய அவர்கள் ஆடியதைத் தாம் கண்டதாக அவர் எழுதுகிறார். அடிமைகள் ஆடிப்பாடி மகிழ்ந்திருந்தார்கள் என்று சாட்சி சொன்ன வெள்ளைப் பிரயாணிகள் இப்படிப்பட்ட ஆட்டத்தையும் பார்த்திருக்கலாம்.

விற்பனை பணம் தேடும் வழியாக மட்டும் இருக்கவில்லை. ஆளும் உபாயமாகவும் இருந்தது. முதுகில் தழும்புள்ள அடிமைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு; தெற்கே விற்றுவிடுவேன் என்ற ஒரு சொல்லுக்கோ செலவே இல்லை. மேரிலாந்தின் பெரும் பண்ணையாராகிய கர்னல் லாயிட் ஒருநாள் வழியில் தம் அடிமைகளுள் ஒருவனைச் சந்தித்தார். அடிமைகள் ஏராளமாக இருந்தபடியால் அவர் அவனை அறியார். அவனும் அவரை அறியான். யாருடைய ஆள், உன்னை நன்றாக நடத்துகிறார்களா என்று அவர் கேட்க, இல்லை என்று அவன் உண்மையைச் சொன்னான். சில வாரங்களுக்குப் பின், காரணம் இன்னதென்று கூறப்பட்டு, அவன் ஜார்ஜியா வியாபாரிக்கு விற்கப்பட்டான். மனைவி மக்களிடம் விடைபெறவும் இடமில்லை. இதைச் சொல்லும் டக்ளஸ், அடிமைகளைக் கேட்டால் பெரும்பாலும் எங்கள் எஜமானர் நல்லவர் என்றே சொன்னதற்குக் காரணம் இதுதான் என்கிறார். அச்சம் நாவைக் கட்டியது; கட்டுண்ட நாவின் மௌனத்தைத் திருப்தி என்று சரித்திரம் நெடுங்காலம் பதிவு செய்து வந்தது. இந்த அநீதியைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் நீக்கத் தலைப்பட்டது நன்று. ஆனால் மிகவும் தாமதித்தே நீக்கினார்கள்.

இரவின் பயம் வேறு. தென் கரோலினாவில் 1704ஆம் ஆண்டிலேயே ரோந்துப் படைக்குச் சட்டம் செய்தார்கள். மற்ற மாகாணங்களும் பின்பற்றின. அனுமதிச் சீட்டின்றி வெளியே காணப்படும் அடிமையை ரோந்துக்காரர்கள் பிடித்து அந்த இடத்திலேயே அடிக்கலாம். குடிசைக்குள் நுழைந்து சோதிக்கலாம். வேறு பண்ணையிலுள்ள மனைவியைச் சனிக்கிழமை இரவில் பார்க்கச் செல்லும் கணவன் இவர்களுக்கு அஞ்சியே நடந்தான். 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்ட பின்பு, எஜமானர்களின் அச்சம் அடிமைகள்மேல் அடியாகவும் கொலையாகவும் இறங்கியது. இரகசியமாகக் கூடித் தொழுவதும் குற்றம். 1930களில், உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளைக் கண்டு அரசாங்கத்தார் அவர்களுடைய நினைவுகளை எழுதிக்கொண்டபோது, முதியவர்கள் பலர் ஒரே செய்தியைச் சொன்னார்கள்: இரவில் ஜெபிக்கும்போது வாசற்படியருகே ஓர் இரும்புப் பானையைக் கவிழ்த்து வைப்போம், அது எங்கள் குரலை வாங்கிக்கொண்டு வெளியே போகவிடாது. பானை ஒலியைத் தடுத்ததோ இல்லையோ, கடவுளிடம் பேசுவதற்கும் காவல் தேவைப்பட்ட வாழ்வு அது.

இவ்வளவுக்கும் தப்பியோட நினைத்தவனை நோயாளி என்றார் ஒரு வைத்தியர். லூயிஸியானாவைச் சேர்ந்த ஸாமுவெல் கார்ட்ரைட் 1851இல், அடிமைகள் ஓடிப்போவதற்குக் காரணம் ஒரு மனோவியாதி என்று எழுதி, அதற்கு டிராப்பெட்டோமேனியா என்று பெயரும் சூட்டினார். அவர் கண்ட சிகிச்சைகளுள் சவுக்கடியும் ஒன்று. சாஸ்திரத்தின் பெயரால் எழுதப்பட்ட வெட்கக்கேடான பக்கங்களுள் இதற்கு முதன்மையான இடம் உண்டு.

அச்சம் அடிமையைக் கோழையாக்கிவிட்டது என்று எண்ணுவோருக்கு ஹாரியட் ஜேகப்ஸின் வாழ்க்கையே விடை. வட கரோலினாவில் ஈடன்டன் என்னும் துறைமுக ஊரில் 1813இல் பிறந்தவர் இவர். இவருடைய பாட்டி மாலி, ரொட்டி சுட்டு விற்றே தம் மக்களை மீட்கப் பணம் சேர்த்தவர். இரவெல்லாம் அடுப்படியில் நின்று சேர்த்த 300 டாலரை எஜமானி கடனாக வாங்கிக்கொண்டாள், திருப்பித் தரவில்லை. அடிமைக்குக் கொடுத்த வாக்குச் சட்டத்தின் முன் செல்லாது. விடுதலை செய்வதாகச் சொல்லியிருந்தும், எஜமானி இறந்தபின் மாலியை ஏலமேடையில் ஏற்றினார்கள். ஊரார் வெட்கப்பட்டு விலை கேட்காதிருக்க, எஜமானியின் உறவினளான ஒரு மூதாட்டி 50 டாலருக்கு வாங்கி விடுவித்தாள். இப்படிப்பட்ட பாட்டியின் பேத்தி, டாக்டர் நார்க்கம் என்பவனுடைய வீட்டில் பணிப்பெண்ணாகி, பதினைந்து வயதிலிருந்து அவனுடைய காமத் தொல்லைக்கு ஆளானார். தன் வசப்படாத அவரைத் தண்டிக்க அவன் கண்ட வழி, அவருடைய இரு குழந்தைகளையும் பண்ணைக்கு அனுப்பி அங்கே பழக்குவது.

அப்போது ஜேகப்ஸ் ஒரு கணக்குப் போட்டார். தாம் மறைந்துவிட்டால் குழந்தைகளை வைத்துக் காப்பது நார்க்கமுக்குத் தொல்லையாகும், அவன் விற்பான், அவர்களுடைய தந்தை ஓர் ஆளை விட்டு வாங்குவார். விற்பனை என்ற அதே அச்சத்தை எதிரியின்மேல் திருப்பிய இந்தத் துணிவை நாம் வியக்காமல் இருக்க முடியாது. 1835இல் அவர் தலைமறைவானார். நார்க்கம் 100 டாலர் பரிசு அறிவித்துப் பத்திரிகையில் விளம்பரம் செய்தான். தேடிக்கொண்டு நியூயார்க்கிற்கே போய்வந்தான். அவரோ அவன் வீட்டுக்குச் சற்று தூரத்தில், பாட்டியின் வீட்டுச் சாமான் அறைக்கு மேலே, கூரைக்கும் பலகைக்கும் இடையிலிருந்த பொந்தில் படுத்திருந்தார். அதன் நீளம் 9 அடி, அகலம் 7 அடி. மிக உயர்ந்த இடத்தில் 3 அடி. நிமிர்ந்து நிற்க இயலாது. காற்றும் வெளிச்சமும் இல்லை. எலிகள் மேலே ஓடின. கோடையில் கூரையிலிருந்து பிசின் உருகிச் சொட்டியது. குளிர்காலத்தில் கைகால்கள் மரத்துப்போயின. கையில் அகப்பட்ட ஒரு துளையூசியால் பலகையில் சிறு ஓட்டை செய்து, அதன் வழியே, தெருவில் விளையாடிய தம் மக்களைப் பார்த்தார். கணக்குத் தவறவில்லை, தந்தை அவர்களை வாங்கிப் பாட்டியிடமே விட்டிருந்தார். தாய் மேலே இருப்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர் எழுதிய கடிதங்களை நம்பிக்கையானவர்கள் வடக்கே கொண்டுபோய் நியூயார்க்கிலிருந்து தபாலில் சேர்ப்பார்கள். நார்க்கம் அவற்றை எடுத்துவந்து, தன் விருப்பப்படி மாற்றிப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவதை அவர் மறைந்திருந்தே கேட்டார்.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1842இல் கப்பலேறித் தப்பும் முன்பு மகனை அழைத்து உண்மையைச் சொன்னபோது, அவன் தனக்கு முன்பே சந்தேகம் உண்டு என்றான். ஒருநாள் மேலே யாரோ இருமியதைக் கேட்டானாம். அன்றுமுதல், தங்கையோ மற்றப் பிள்ளைகளோ அந்தப் பக்கம் வந்தால் விளையாட்டுக் காட்டி வேறு பக்கம் இழுத்துச் செல்வானாம். அந்த இருமல் இன்னொருவர் காதில் விழக்கூடாதே என்று. எவரிடமும் வாய் திறக்கவில்லை. பத்து வயதைச் சுற்றிய ஒரு சிறுவனுக்கு இந்த எச்சரிக்கையைக் கற்றுக்கொடுத்த சமூகத்தைப் பற்றி நாம் கோபம் கொள்வது நியாயம்; கற்றுக்கொண்ட அந்தச் சிறுவனுக்கு நம் வணக்கம் உரியது.

ஹாரியட் டப்மன் என்னும் மற்றோர் அடிமைப் பெண்ணை ஓடத் தூண்டியதும் இதே அச்சந்தான். அவருடைய சகோதரிகள் மூவர் விற்கப்பட்டுப் போயினர்; கடைசித் தம்பியையும் ஜார்ஜியாக்காரன் ஒருவன் கேட்டபோது, தாய் ரிட் அவனை ஏறத்தாழ ஒரு மாதம் ஒளித்துவைத்து, வீட்டுக்குள் முதலில் நுழைபவன் மண்டையைப் பிளப்பேன் என்று வாசலில் நின்றாள். விற்பனை கைவிடப்பட்டது. 1849இல் எஜமானன் இறந்து, தம் முறை வரும் என்ற செய்தி பரவியபோது டப்மன் புறப்பட்டார். உடன் வந்த சகோதரர்கள் பயந்து திரும்பிவிட, பிறகு தனியே நடந்தே பென்ஸில்வேனியாவை அடைந்தார். பலமுறை திரும்பிச் சென்று ஏறத்தாழ எழுபது பேரை அழைத்துவந்தவர் இவர். அடிமையாயிருந்த நாளில் கண்ணை மூடினால் குதிரை வீரர்கள் வருவதும், பெண்களும் குழந்தைகளும் அலற இழுத்துச் செல்லப்படுவதுமே தோன்றும் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

வட மாகாணத்தில் கால் வைத்தவுடன் அச்சம் ஒழிந்துவிடவில்லை. 1838 செப்டம்பரில் நியூயார்க்கை அடைந்த டக்ளஸ், ஆளைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குவோர் நிறைந்த அந்நகரில், வெள்ளையரையும் கறுப்பரையும் ஒருங்கே ஐயுற்று, பசியோடு அலைந்தார். டேவிட் ரக்கிள்ஸ் என்னும் கறுப்பர் இடம் கொடுத்த பின்பே மூச்சு வந்தது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்புவிப்பதற்கான 1850ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பயத்தை வட மாகாணங்கள் முழுவதிலும் நிலைநாட்டியது. பிடிபட்டவனுக்கு ஜூரி விசாரணை இல்லை. தன் சார்பில் சாட்சியம் சொல்ல உரிமை இல்லை. அவனை எஜமானனிடம் ஒப்புவித்தால் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். ஆயிரக்கணக்கானோர் கானடாவுக்கு ஓடினார்கள். நியூயார்க்கில் குழந்தை வளர்க்கும் வேலையிலிருந்த ஜேகப்ஸ், தெற்கிலிருந்து எவரெவர் வந்து எந்தெந்த ஓட்டலில் இறங்கியிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் தவறாமல் தேடிப் படித்துவந்தார். ஒருநாள் அந்த ஜாபிதாவில் நார்க்கமின் மகளும் மருமகனும் இருந்தார்கள். அவருக்கு வேலை கொடுத்த கார்னீலியா வில்லிஸ் 1852இல் 300 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார். நன்றி பாராட்டிய ஜேகப்ஸ், தாம் விலைக்கு வாங்கப்பட்டதை மட்டும் ஏற்றுக்கொள்ள மனமில்லாதவராகவே இருந்தார்; தனக்கு உரிமையில்லாத பொருளுக்கு நார்க்கம் குடும்பம் விலை பெற்றது என்பது அவர் கருத்து. அவர் கருத்தே நியாயம். 1861இல், லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட நூலை நெடுங்காலம் கற்பனைக் கதை என்றே பலர் ஒதுக்கினார்கள். 1980களில்தான் ஜீன் பேகன் யெல்லின் என்னும் பேராசிரியை கடிதங்களையும் ஆவணங்களையும் கொண்டு அது உண்மை வரலாறு என்று நிலைநாட்டினார்.

1863 ஜனவரி முதல் தேதி, குத்தகைக்கும் ஏலத்துக்கும் உரியதாயிருந்த அதே நாளில், லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்தது; 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்தால் அடிமை முறை நாடெங்கும் ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, விற்கப்பட்டுப் போனவர்களைத் தேடுவது. சிலர் நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். மற்றவர்கள் பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த கிறிஸ்டியன் ரிக்கார்டர் போன்ற கறுப்பர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். தாயின் பெயர், பிள்ளைகளின் பெயர், அப்போதைய எஜமானன் யார், வாங்கிய வியாபாரி யார், கடைசியாகப் பார்த்த ஊர் எது என்பனவே அவற்றில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்க மேடையிலிருந்து படிக்குமாறு போதகர்களை வேண்டிக்கொள்ளும் குறிப்பும் சிலவற்றில் இருக்கும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மகனைத் தேடும் தாய்மாரும், தாயின் முகம் மறந்துபோன மக்களும் இவற்றைக் கொடுத்தார்கள். இவ்விளம்பரங்கள் 1900க்குப் பின்னும் வெளிவந்தன. அவற்றுள் மிகச் சிலவற்றுக்கே விடை வந்ததாகப் பதிவு இருக்கிறது.